நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு

ஜலாலுதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினான். நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினான். நாற்பதுதான்.

1956, புரட்டாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அவன் அம்மா பதருன்னிசா தனியாகக் குடியிருந்த வீடு. குளியலறை மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு தாமிர பாய்லர். நடுவில் கரி போடும் குழல். குழலைச் சுற்றித் தண்ணீர். மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வாய். கீழே வெந்நீர் பிடிக்கப் பித்தளைக் குழாய். ஒழுகியது அந்தக் குழாய்தான். அடியில் வைத்திருந்த அலுமினியப் போகணி நிரம்பி வழிந்து, தரை ஊறி, சுவரோரம் பாசி பிடித்திருந்தது. பாசியைப் பார்த்தால் அது ஒரு நாள் இரண்டு நாள் ஒழுக்கு இல்லை.

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. குழாய் சொட்டினால் அம்மாவுக்குப் பொறுக்காது. படுத்திருந்தவள் எழுந்து வந்து இறுக்கிவிட்டுத்தான் மறுபடி படுப்பாள்.

அடுப்படி வாசலில் போய் நின்று, "எத்தினி நாளாம்மா ஒழுவுது?" என்று கேட்டான்.

அம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "சுறாப்புட்டு. பூவாயி காலையில மீனு குடுத்துட்டுப் போச்சு. கை கழுவிகினு வா."

அவன் சிரித்துக்கொண்டான். அம்மா என்றைக்குமே அப்படித்தான். எதைக் கேட்டாலும் சோறுதான் பதில்.

பதருன்னிசா பிறந்தது கோவளத்தில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாற்பது அடி மணல். அவளுடைய அத்தா பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் லெப்பை. மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு ஓதப் பழக்குவதோடு சரி. இவர் மகளுக்கு எழுதவும் பழக்கினார். எழுதியது தமிழ்தான், எழுத்துதான் அரபு. கடற்கரை முஸ்லிம் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தமிழ் எழுத்தை அவள் கற்கவில்லை. கற்பிக்க யாரும் நினைக்கவுமில்லை.

பதினைந்து வயதில் செங்கல்பட்டுக் கயிற்றுக்கடை கிஃபாயத்துல்லாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த புதிதில் மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. உடம்புக்கு என்ன என்று மாமியார் கேட்டதற்கு, "சத்தமே இல்லாத ஊர்ல எப்படித் தூங்கறது?" என்றாளாம். கடல் கிடைக்கவில்லை. ரயில் கிடைத்தது. கூட்ஸ் வண்டி, மெயில், விழுப்புரம் பாசஞ்சர் எல்லாவற்றையும் சத்தத்திலேயே பிரித்து வைத்துக்கொண்டாள். "மெயிலு இன்னிக்குப் பத்து நிமிசம் லேட்டு," என்று பால் காய்ச்சிக்கொண்டே சொல்வாள். கிஃபாயத்துல்லா ஸ்டேஷன் வரை போய் விசாரித்துவிட்டு வந்து தலையாட்டுவார்.

1946-இல் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இனி பச்சைத்தண்ணீர் மேலில் படக்கூடாது என்றார்கள். அந்த வருஷம்தான் கிஃபாயத்துல்லா பட்டணம் போய் இந்த பாய்லரை வாங்கிவந்தார். பத்து வருஷமாக அவள் அதன் புனலுக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டு. நிறைந்திருந்தால் கட்டையைத் தட்டியதுபோல் இருக்கும். காலியென்றால் மணிபோலப் பாடும். பாதியென்றால் எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அதுவரை தண்ணீர். பாய்லர் வருவதற்கு முன்பும் குடத்தையும் தவலையையும் அவள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள்; ஜலாலுதீன் சின்ன வயதிலேயே அந்த வித்தையை அவளிடமிருந்து பிடித்துக்கொண்டான். எல்.எம்.இ. படித்து, பெரம்பூர் ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன் ஆகி, வண்டிகளின் பிரேக் குழாய்களில் கசிவு பார்க்கும் வேலைக்கு வந்தபோது அது உதவியது. எங்கே கசிகிறதென்று மற்றவர்கள் சோப்புநுரை தடவிக்கொண்டிருக்கும்போதே அவன் காதால் சொல்லிவிடுவான்.

கிஃபாயத்துல்லா 1951-இல் மவுத்தானார். அவர் இறந்ததிலிருந்து வரும்போதெல்லாம் ஜலாலுதீன் ஒன்றையே கேட்டான், பெரம்பூருக்கு வந்துவிடு என்று. அவள் ஒன்றையே சொன்னாள்.

"என் பாய்லரை நான் பத்தவெக்கிற வரிக்கும் இங்கதான்."

போன வருஷம் பெருநாளுக்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்தவெக்க முடியாத அன்னிக்கு உன்னைக் கேட்டுகினு நிக்க மாட்டேன். தூக்கிகினு போயிடுவேன்," என்றான். 

அவனுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து ஏழு மாதமாகியிருந்தது. ஒரே ஒரு தடவை குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். பதருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அறையின் மறுகோடியில் நின்றே பார்த்தாள். தூக்கவில்லை. சளி என்றாள்.  பெரம்பூர் வீட்டுக்கு வந்தபிறகு மனைவி சுராயா, "பொம்பளப் புள்ளன்னு இருக்குமோ?" என்றாள். அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 

சாப்பிட்டுவிட்டு பாய்லரைக் காலி செய்து, குழாயின் தலையைக் கழற்றினான். இந்த மாதிரிக் குழாயில் சூட்சுமம் ஒன்றுமில்லை. கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்கும். தண்டின் அடியில் ஒரு வாஷர். வாஷர் பித்தளை விளிம்பின்மேல் போய் அழுந்தி உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும். இங்கே வாஷர் வெந்து கூழாகியிருந்தது. விளிம்பிலும் ஒரு சின்னப் பிசிறு. வெந்நீர்க் குழாய்க்கு ஃபைபர் வாஷர்தான் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை, இரும்புக்கடை பூட்டியிருந்தது. நாலு மணிக்கு ரயில்.

அடுப்படி அலமாரியில் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக இருந்தன. கட்டைவிரல் உயரம். எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் கசகசா. நிறையப் புட்டிகள் காலியாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி. ஒன்றை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினான்.

"இதெல்லாம் ஏதும்மா?"

அவள் புட்டியைப் பார்த்தாள். கை கரண்டியோடு அப்படியே நின்றது. பிறகு, "பூவாயி குடுத்துச்சு. பூச்சி அண்டாது," என்றாள்.

அவன் ரப்பர் மூடியைப் பிளேடால் நறுக்கினான். நடுவில் துளையிட்டு, தண்டின் அடியில் பொருத்தி, குழாயைப் பூட்டினான். பாய்லரை நிரப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒரு சொட்டு இல்லை.

ஆனால் அது மெத்து ரப்பர். வெந்நீரில் ஊறி உப்பும். விளிம்பின் பிசிறு அதை மெல்ல அறுக்கும். ஒரு மாதம் தாங்கினால் பெரிது. அறுந்தால் பிறகு சொட்டாது, நூல்போல இறங்கும், ஓர் இரவில் பாய்லர் காலியாகிவிடும். காலி பாய்லரில் கரியைப் பற்றவைத்தால் ஈயப் பற்று உருகி எல்லா ஒட்டும் விட்டுப்போகும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே தெளிவாகச் சொன்னான்.

"ராத்திரி தண்ணி ரொப்பி வெக்காதம்மா. காலையில ரொப்பிட்டு அப்புறம் பத்தவை. அடுத்த மாசம் நல்ல வாஷரா கொண்டாரேன்."

"பதனமா போ," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "கொழந்தைக்கு ஈரக்காத்து படாம பாத்துக்க."

திங்கட்கிழமை அதையே கடிதமாகவும் எழுதினான். 'இரவில் தண்ணீர் நிரப்பி வைக்காதே' என்பதை வரைபடத்தில் எச்சரிக்கை எழுதுவதுபோலச் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டான்.

அவர்களுக்குள் கடிதம் போய்வருவதற்கு ஒரு முறை இருந்தது. அவன் தமிழில் எழுதுவான். அடுத்த வீட்டு ஞானதாஸ் வாத்தியார் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அம்மா வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். நடைவாசலில் திரை தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து அவர் உரக்கப் படிப்பார். அந்தப் பக்கம் அம்மா நிற்பாள். படித்து முடித்து அவர் எழுந்தால், திரையோரம் வளையலோடு ஒரு கை வந்து கடிதத்தை வாங்கிக்கொள்ளும். பதிலை அம்மாவே அரபு எழுத்தில் எழுதிப் போடுவாள். பெரம்பூரில் சுராயா படித்துச் சொல்லுவாள். சுராயாவுக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. ஜலாலுதீனுக்கு இரண்டும் மறந்து இருபது வருஷமாகியிருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. சுராயா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்தாள்.

"குழாய் சத்தமே போடவில்லை. வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே. பிள்ளையின் நெற்றியில் எனக்காக நீ ஒரு முத்தம் கொடு."

"அவங்களே வந்து குடுக்கலாமே," என்றாள் சுராயா. ஆனாலும் குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் ஃபைபர் வாஷர் வாங்கிவிட்டான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டையில் போட்டான். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அடுத்த மாதம் போக முடியவில்லை. சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறாளே, போகட்டும் என்று இருந்தான்.

ஐப்பசி பாதியில், ஒரு வியாழக்கிழமை பகலில், ஞானதாஸ் வாத்தியாரின் தந்தி பட்டறைக்கு வந்தது. தாயாருக்குச் சூட்டுக்காயம், உடனே வரவும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது வாசற்படியில் பூவாயி உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி. வியாழனும் ஞாயிறும் மீன்கூடையோடு பஸ்ஸில் வருவாள். கூடையில் மீன் அப்படியே இருந்தது.

"வந்தியா நைனா. உள்ள போ. தூங்குது. வலது கையும் கழுத்தாண்டயும் வெந்து பூடுச்சு. டாக்டர் வந்து மருந்து தடவிட்டுப் போனாரு."

"என்ன ஆச்சு?"

"இன்னா ஆவும். விடியறதுக்கு முன்ன எழுந்து கரியப் போட்டு பத்த வெச்சிகீது. உள்ள தண்ணி இல்ல. ராத்திரியே எல்லாம் ஒழுவிப் பூடுச்சு போல. கொஞ்சம் பொறுத்து கொழாயத் தொறந்தா ஒண்ணியும் வரல. தண்ணி பத்தலன்னு நெனச்சுகினு ஒரு கொடம் தூக்கி மேலால ஊத்திகீது. உள்ள தகதகன்னு கீது. ஊத்துனதும் ஆவி அப்டியே மேல வந்து அடிச்சுடுச்சு. நான் எட்டு மணி பஸ்ல வந்து பாக்கறேன், கைய ஈரத்துணியில சுத்திகினு உக்காந்துகினு கீது. யாரையும் கூப்புடல."

"தட்டிப் பாத்திருப்பாங்களே. தட்டாம பத்தவெக்க மாட்டாங்க."

பூவாயி அவனையே பார்த்தாள்.

"தட்டி இன்னா பண்றது? அதுக்குக் காது பூடுச்சு நைனா. ஆறு மாசம் ஆவுது. உனுக்கு நெசமாவே தெரியாதா?"

அவன் தலையாட்டினான், தெரியாது என்று.

"தாமிரத்து மேல கைய வெச்சுப் பாத்துச்சாம். சில்லுனு இருந்துச்சாம். சில்லுனு கீதே, தண்ணி கீதுன்னு நெனச்சுகிச்சு. விடியக்காலத்துல எந்தச் செம்பு சில்லுனு இல்லாம கீது? நான் வந்தா வெல சொல்றதுக்கே வெரல நீட்டணும். மூணு வெரல நீட்டுனா ரெண்ட மடக்கி வுட்டுடும். அதுல மட்டும் காது நல்லாத்தான் கேக்குது அதுக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணியது.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை நீ?"

"சத்தியம் வாங்கிகிச்சு. அதோட சாமி மேல கேட்டிருந்தா கூட நான் சொல்லியிருப்பேன். என் சாமி மேல இல்ல கேட்டுச்சு."

மீதியையும் அவள்தான் சொன்னாள். போன மாசி மாதம் பதருன்னிசா இருமலில் ரத்தம் பார்த்தாள். பூவாயியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டாக்டரிடம் போனாள். நெஞ்சுநோய், அதாவது க்ஷயம். புதிதாக ஊசி வந்திருக்கிறது என்றார் டாக்டர். முதலில் தினம் ஒன்று, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

"உனுக்கு ஒட்டிக்காதா?" என்று கேட்டான் ஜலாலுதீன்.

"எனுக்கா? கருவாட்டு நாத்தத்துல பொறந்த ஒடம்பு. நோயே மூக்கப் புடிச்சுகினு ஓடிடும்."

அவன் அடுப்படிக்குப் போனான். அலமாரியிலிருந்த ஊசிமருந்துப் புட்டிகளை எண்ணினான். எழுபத்துமூன்று. எழுபத்திரண்டில் ரப்பர் மூடி இருந்தது.

சாயங்காலம் டாக்டரைப் பார்த்தான். வயதானவர், களைத்த மனிதர். ஒளிக்கவில்லை.

"ஊசியால காது போகலாம்னு முதல் நாளே சொன்னேன். காதா உசுரான்னு நான் கேக்கலை, அவங்களே கேட்டுகிட்டாங்க. பேத்தியைத் தூக்கணும், அதுக்குக் காது எதுக்குன்னாங்க. நோய் போயிடுச்சுன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். அப்பதான் புள்ளைய தொடுவாங்களாம்."

"எழுதிக் கொடுத்தீங்களா?"

"எப்படிக் கொடுக்கிறது? மூணு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் மருந்துக்கு அடங்கலை. இப்ப ரெண்டு பக்கமும் பரவியிருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்ககிட்ட ஒண்ணும் மறைக்கலை தம்பி. அவங்ககிட்டயும் மறைக்கலை. காகிதத்துல எழுதிக் காட்டினேன், படிக்கத் தெரியாதுன்னு தலையாட்டினாங்க. அப்புறம் என் முகத்தைப் பார்த்தே புரிஞ்சுகிட்டாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தான். குழந்தையின் படம் ஒன்று, துணியில் சுற்றியிருந்தது. அதன் அடியில் அவனுடைய கடிதங்கள். மடிப்புக் கலையாமல், தேதி வரிசையில். சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டதும் இருந்தது.

ஞானதாஸ் வாத்தியார் வாசலில் வந்து நின்றார். "நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை படிப்பேன் ஜலால். பாய்லர் விஷயம் மூணு தடவை படிச்சேன். முடிச்சு எழுந்தா அவங்க கை வரும், வாங்கிக்கும். திரைக்குப் பின்னால என்ன தெரியும் எனக்கு?"

அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வாசலில் குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னவன் அவன். வேலையே ஒழுக்குப் பார்ப்பதுதான். நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு என்று எண்ணியவன், இத்தனை நாள் இவள் ஏன் இதை இறுக்கவில்லை என்பதை எண்ணவில்லை.

அவன் லீவு எழுதிப் போட்டுவிட்டுத் தங்கினான். அம்மா கண் விழித்து அவனைப் பார்த்ததும் முதலில் செய்தது, கட்டுப்போட்ட கையால் முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டதுதான்.

"பாய்லரு கெட்டுப் பூடுச்சுடா," என்றாள். "தூக்கிகினு போயிடாத."

அவன் தலையை ஆட்டினான், போகமாட்டேன் என்று. அவளுக்கு அது போதவில்லை. அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு பேச அவனிடம் வாயும் இல்லை, எழுத்தும் இல்லை. பட்டறையில் அவன் வரைபடத்தில் எழுதும் எழுத்தை அச்சு என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு. பெற்றவள் படிக்கிறாற்போல ஒரு வரி எழுத அவனுக்குத் தெரியாது.

அவளுடைய பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு, எந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஞாபகத்திலிருந்து ஒட்டிப் பார்த்தான். எழுத்துக்களைப் படம்போல வரைந்து பழகினான். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் சிலேட்டில் ஒரு வரி எழுதி அவள் முன்னால் வைத்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை.

அவள் சிலேட்டை முகத்துக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் படித்தாள். இடதுகையால் பல்பத்தை வாங்கி, அவன் விட்டுப்போன புள்ளி ஒன்றை வைத்துத் திருப்பித் தந்தாள்.

"சொன்னா சும்மா இருப்பியா? வந்து கூட்டிகினு போவ. ஒரே ரூமு. பச்சப் புள்ள மூச்சு வுடற எடம்." இருமல் வந்தது. முடியும்வரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எனுக்கு ஒண்ணும் கஷ்டமில்லடா. காதுல எந்நேரமும் கோவளத்துக் கடலு அடிச்சுகினே கீது. சின்னப் புள்ளையில கேட்ட மாதிரியே. நல்லாத் தூக்கம் வருது."

டாக்டரிடம் அதையும் கேட்டான். ஊசியினால் வரும் இரைச்சல்தான் என்றார் அவர். அதை அவன் எழுதிக் காட்டவில்லை.

பாத்திரம் அடைக்கும் காசிநாதனைக் கூட்டிவந்து பாய்லரைக் காட்டினான். காசிநாதன் அதைக் கவிழ்த்து, நகத்தால் ஓட்டையைச் சுற்றி அழுத்தினார். தாமிரம் பப்படம்போல மடங்கியது.

"அண்ணாத்த, தப்பா நெனக்காத. அடிக்குழல் முழுக்க தாளாட்டம் ஆயிகீது. நான் இங்க ஈயம் வெச்சா அது பக்கத்துல பிச்சிகினு போவும். அங்க வெச்சா இங்க போவும். இதுல நான் கை வெச்சா உன்னை ஏமாத்தறேன்னு அர்த்தம்."

அவர் போனபிறகு ஜலாலுதீன் குழாயைக் கழற்றினான். வாஷர் ரப்பர் நடுவில் வளையமாக அறுந்திருந்தது, கத்தியால் வெட்டியதுபோல. அவன் கணக்குப் போட்டபடியேதான். குழாயின் விளிம்பைப் பிசிறு போகத் தேய்த்தான். சட்டைப்பையிலிருந்து ஃபைபர் வாஷரை எடுத்துப் பொருத்தினான். பாய்லரைப் பழைய மூலையிலேயே நிறுத்தினான். அம்மா நடந்து போகும்போது பார்க்கட்டும் என்று. வெந்நீரை அடுப்படியில் தவலையில் காய்ச்சினான். அவள் இரண்டு தடவை குளியலறை வரை நடந்தாள். இரண்டாம் தடவை பாய்லரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை நெஞ்சு உயரத்துக்குக் காட்டினான், நிறைந்திருக்கிறது என்று.  நம்பினாளா என்று தெரியவில்லை.

மார்கழிக் கடைசியில் சுராயா குழந்தையோடு வந்தாள். எல்லாம் தெரிந்து வந்திருந்தாள். நேரே உள்ளே வந்து குழந்தையை மாமியார் மடியில் வைக்கப்போனாள். பதருன்னிசா அலறினாள். அவள் போட்ட சத்தம் அவளுக்கே தெரியவில்லை. தெரு வரை போயிற்று. குழந்தை மிரண்டு அழுதது. அதன் வாய் கோணுவதைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

"அழுவுதுடா ஜலாலு. வெளிய கொண்டு போவச் சொல்லு," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அழுவறது உன்னாட்டம் இருக்குமா? நீ மெயிலு வண்டியாட்டம் கத்துவ," என்று கேட்டாள்.

அவன் சிலேட்டைத் தேடினான். எழுதத் தெரிந்த வார்த்தைகளில் அதற்குப் பதில் இல்லை. ஆமாம் என்று மட்டும் எழுதினான்.

சுராயா ஞானதாஸ் வீட்டில் தங்கினாள். தினமும் பத்து மணிக்குக் குழந்தையை எதிர்த்திண்ணை ஓரம் வெயிலில் நிறுத்திப் பிடித்துக்கொள்வாள். பதருன்னிசா ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். தை மாதம் இரண்டாவது வாரம் வரை பார்த்தாள். கடைசி மூன்று நாள் அவளுக்கு ஜன்னல் வரை எழுந்துவர முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூச்சு நின்றது. பத்து மணிக்குச் சுராயா வழக்கப்படி குழந்தையை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவளுக்கு அதற்குள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அசர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவாயிற்று. நடுக்கூடத்தில் திரை கட்டினார்கள். உள்ளே சுராயாவும் தெருப் பெண்கள் மூன்று பேரும் மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். யாரோ சொல்லியனுப்ப, பூவாயி கூடை இல்லாமல் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜலாலுதீன் அடுப்படியில் தவலையில் வெந்நீர் வைத்து, விளாவி, முழங்கையில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்து, குடம் குடமாகத் திரையோரம் கொண்டுபோய் வைத்தான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வளையலோடு ஒரு கை வந்து குடத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. வெற்றுக்குடம் வெளியே வந்தது. ஆறு குடம் போயிற்று. ஏழாவதை வைத்தபோது, "போதும்ணே," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

வெந்நீரோடு குடத்தை அவன் திரும்ப எடுத்துக்கொண்டான். பிறகு குளியலறைக்குப் போய், பாய்லரின் புனல்வாயில் முழுவதையும் ஊற்றினான். தண்ணீர் அடிக்குழல் ஓட்டைகள் வழியாகச் சாம்பல் தட்டில் இறங்கி, கறுப்பாகத் தரையில் ஓடி, ஜலதாரைக்குப் போயிற்று. அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை.